உருமறைப்பு உடுப்பை ஊருக்கே தெரியும்படி பூசுவது எப்படி?

ஐந்து சென்ரிமீற்றர் உயரப் பிளாஸ்ரிக் சிப்பாய்க்கு உருமறைப்புச் சீருடை பூச ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு ஆசைப்படுவது இன்னும் விசேஷம். காடு பக்கத்தில் இருக்கிறது. அந்த உடுப்பை நேரில் கண்ட சனமும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் கொஞ்சமும் பயன்படுத்தாமல் வேலையை முடிக்க வேண்டும். பயப்படாதீர்கள், பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்து வருகிறீர்கள்.

1. முதலில் பிழையான பெட்டியை வாங்குங்கள். யப்பான் ரமியாவின் பட்டியலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஜேர்மன்காரன் இருக்கிறான், ரஷ்யன் இருக்கிறான், அமெரிக்கன் இருக்கிறான். வன்னியில் நின்ற எவரும் இல்லை. ஆகவே ரொறன்ரோ மாமாவிடம் சொல்லிவிடுங்கள். கோயில் திருவிழாவுக்கு வரும்போது சூட்கேசில் வியற்நாம் காலத்து அமெரிக்கனைப் போட்டுக்கொண்டு வருவார். கவலை வேண்டாம், விடுதலைப் புலிகளின் வரிப்புலிக் கோலத்துக்கும் வியற்நாம்தான் பூர்வீகம். பிரெஞ்சு உடுப்பு ஒன்றைப் பார்த்து, 1960களின் தொடக்கத்தில் தென் வியற்நாம் படைகள் உருவாக்கிய கோலம் அது. எனவே அமெரிக்கனின் முகத்தை மட்டும் கறுப்பாக்குங்கள். கிட்டத்தட்ட ஆறடி உயரம், நன்றாய்த் தின்று வளர்ந்த தோள், கையில் எம்-16 எல்லாம் அப்படியே இருக்கட்டும். "இஞ்சை ரெண்டு பக்கமும் ரி-56 அல்லோ வைச்சிருந்தது?" என்று யாராவது கேட்டால், "பிடிச்சது" என்று சொல்லுங்கள். வன்னியில் இந்தப் பதிலை எவரும் மறுக்க முடியாது.

2. காட்டைப் பார்க்காதீர்கள், கைப்பேசியைப் பாருங்கள். வீடியோ கசெற்றில் எடுத்து, சீடிக்கு மாற்றி, பிறகு யாரோ திரையைப் படம்பிடித்து, அதையும் பத்துப் பேர் வட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட படமே உத்தமம். அதில் பச்சை நீலமாகியிருக்கும். அந்த நீலத்தை அச்சொட்டாகக் கலவுங்கள். கடற்புலிகளின் வரிதான் நீலம் என்பதால், மாங்குளம் காட்டுக்குள் நிற்கும் உங்கள் ஆளுக்கு ஒரே பூச்சில் கடற்படைக்கு மாற்றம் கிடைத்துவிடும். ஆமிக்காரனைப் பூசுகிறீர்களா? 1996இல் எடுத்த படத்தில் சட்டையையும் 2009இல் எடுத்த படத்தில் காற்சட்டையையும் பாருங்கள். இடைப்பட்ட பதின்மூன்று வருடத்தை இடுப்புப் பட்டியால் மறைத்துவிடலாம்.

3. நிறத்தைப் போத்தலின் பெயரை வைத்துத் தெரிவு செய்யுங்கள். "காட்டுப் பச்சை" என்று எழுதியிருந்தால் காடு அந்த நிறம்தான். மாரியில் ஒரு பச்சை, ஆவணியில் இலை காய்ந்து கிறவல் புழுதி படிந்து இன்னொரு நிறம், பாலையும் வீரையும் எப்போதும் கடும்பச்சை என்றெல்லாம் வன்னிக் காடு உங்களிடம் சொல்ல வரும். விடாதீர்கள். போத்தல் கிடைக்காவிட்டால் ஹாட்வெயர் கடையில் கேற்றுக்கு அடிக்கும் எனாமல் இருக்கிறது. ரின்னில் இருந்து நேரே எடுத்து, தண்ணியாக்காமல், தடிப்பாக அடியுங்கள். மூக்கும் வாயும் நிரம்பிப்போனால் நல்லது, முகச்சாயலில் யாரையும் அடையாளம் காண முடியாது.

4. இனி வரி. இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே இதில்தான் மிகவும் சொதப்ப வேண்டும். துணியில் மூன்று சென்ரிமீற்றர் அகலமாய் ஓடும் வரி, முப்பத்தைந்தால் வகுத்தால், உங்கள் பொம்மையில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, மடித்து, ஆடும் மேசைக் காலுக்குக் கீழே வையுங்கள். உங்கள் பிறஷ் மூன்று மில்லிமீற்றர். அது இழுக்கும் ஒவ்வொரு வரியும் உண்மை ஆளில் பத்தரைச் சென்ரிமீற்றர். அப்படி ஐந்து வரி போட்டால் நெஞ்சு முடிந்துவிடும். கோயில் மதிலுக்கு அடித்த காவிப்பட்டை மாதிரி இருக்கிறது என்று தங்கச்சி சிரித்தால் சிரிக்கட்டும். வரியின் ஓரம் மேடாகத் தடிக்கும்வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுங்கள். விரலால் தடவினால் தெரிய வேண்டும்.

5. தையலை மதிக்காதீர்கள். உண்மை உடுப்பு, கோலம் அச்சடித்த துணிக்கட்டில் இருந்து வெட்டித் தைத்தது. பொக்கற் மூடியில் வரி ஒரு பக்கம் போகும், அதற்குக் கீழே சட்டையில் வேறு பக்கம் போகும், கையும் தோளும் சேரும் இடத்தில் வெட்டுப்படும். தையற்காரர் எவரும் மினைக்கெட்டு வரியைப் பொருத்தித் தைப்பதில்லை. நீங்கள் பொருத்துங்கள். இடது மணிக்கட்டில் தொடங்கும் வரி நெஞ்சைக் கடந்து, பொக்கற்றைக் கடந்து, வலது மணிக்கட்டில் போய் முடியட்டும். ரவைக்கூட்டுக்கும் மேலாலே ஓடட்டும்.

6. இப்போது வெளிச்சமும் நிழலும். இது கொஞ்சம் படித்தவர்களுக்கான படி. வன்னியில் புள்ளிமானைக் கண்டிருப்பீர்கள், கண்டும் காணாமல் மோட்டார் சைக்கிளில் தாண்டியும் போயிருப்பீர்கள். அதன் முதுகு கடும்நிறம், வயிறு வெள்ளை. வெயில் மேலே இருந்து விழும்போது எந்த உடம்புக்கும் முதுகு வெளுத்து வயிறு இருளும். மானின் தோல் அந்தக் கணக்கைத் தலைகீழாக வைத்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். உடம்பு தட்டையாகித் தெரியும், பிறகு தெரியாமலே போகும். இதை 1896இல் விளக்கி எழுதியவர் அமெரிக்கரான அபொட் தேயர். அவர் விஞ்ஞானி அல்ல, ஓவியர். 1915இல் பிரெஞ்சு இராணுவம் உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியபோதும் ஓவியர்களைத்தான் கூப்பிட்டது. ஒரு பொருளை உருண்டு திரண்டு தெரியச் செய்யும் வித்தை யாருக்குத் தெரியுமோ, அதைத் தெரியாமற் செய்யவும் அவருக்குத்தானே தெரியும்?

நீங்களும் ஓவியர்தான். ஆனால் உங்களுக்குப் பொம்மை பூசும் போட்டியில் பரிசு வேண்டும். ஆகவே மானுக்கு நேர் எதிராகச் செய்யுங்கள். தோள், தொப்பி, முழங்கால் எல்லாவற்றையும் வெள்ளை கலந்து வெளுக்க வையுங்கள். கக்கத்தையும் மடிப்பையும் கறுப்புத் தண்ணீர் விட்டு இருளாக்குங்கள். தேயர் அழிக்கச் சொன்ன உருவம் ஒவ்வொரு மடிப்பாக எழும்பி வரும். மேசையில் இருந்து ஆறடி தள்ளி நின்றாலும் கண்ணில் குத்தும். இதைச் செய்யாமல் விட்டால் பெரிய ஆபத்து இருக்கிறது: உருமறைப்பு வேலை செய்துவிடும், நடுவருக்கு உங்கள் பொம்மை தெரியாது.

7. மண் ஒட்டுங்கள். அசல் மண்தான் வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு கைப்பிடி அள்ளிவந்து, அரிக்காமல், பசை பூசிய தட்டில் கொட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர்க் குறுணி உங்கள் ஆளின் காலடியில் மூன்றரைச் சென்ரிமீற்றர்க் கல். அவர் கடற்கரையில் நிற்கவில்லை, றோட்டுப் போடுவதற்காகப் பறித்த சல்லிக் குவியலில் நிற்கிறார்.

8. பனை ஒன்றும் நடுங்கள். வளர்ந்த பனை 20 மீற்றர் என்று வைத்தால், இந்த அளவில் 57 சென்ரிமீற்றர் வரும். அது அலுமாரிக்குள் கொள்ளாது. பதினைந்து சென்ரிமீற்றரில் நிறுத்திவிட்டு, அதன் தலையில் நுங்குக் குலையைக் கட்டுங்கள். வடலியில் நுங்கு தொங்கும் ஒரே இடம் உங்கள் வீட்டு மேசைதான்.

9. யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நான் சொல்வேன், நீங்கள் காட்டுவீர்கள். ஆகவே அதையும் பிழையாகவே செய்யுங்கள். இணையத்தில் கற்றவருக்குக் காட்டினால் நிற எண்ணைப் பற்றித்தான் பேசுவார். பக்கத்து வீட்டு மாமிக்குக் காட்டுங்கள். மூக்குக் கண்ணாடி போடாமலே பார்ப்பார்.

"உது ஆரடா தம்பி? உடுப்பைப் பாத்தால் பெடியள் மாதிரிக் கிடக்கு. காலைப் பாத்தால் ஆமி மாதிரிக் கிடக்கு."

"உடுப்பைத்தான் பாக்க வேணும் மாமி."

"உடுப்பை ஆர் பாத்தது? நாங்கள் காலையும் நடையையும் அல்லோ பாத்தனாங்கள். பாட்டாவோ சப்பாத்தோ எண்டு தெரிஞ்சால் காணும், ஓடுறதோ நிக்கிறதோ எண்டு முடிவெடுக்கலாம்."

மாதக்கணக்கில் நீங்கள் பூசிய உடுப்பை அவர் பார்க்கவே இல்லை. மனம் தளராதீர்கள். அமெரிக்கனின் சப்பாத்தைக் கழற்ற முடியாது என்பதால், சப்பாத்துக்கும் வரி அடித்துவிடுங்கள்.

10. படம் எடுத்து முகநூலில் போடுங்கள். பெயர், ஊர், வீட்டுச் சுவர் எல்லாம் தெளிவாகத் தெரியட்டும். நவம்பர் கடைசியில், மாவீரர் நாளை ஒட்டிப் போட்டால் விருப்பக்குறி கூடும். ஆமிப் பொம்மை என்றால் ரொறன்ரோ மாமா ஏசுவதோடு போய்விடும். வரிப்புலி என்றால் விசயம் வேறு. இந்த நாட்டில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முகநூலில் போட்ட படத்துக்காக அதன் கீழ் உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள். ஐந்து சென்ரிமீற்றர் என்று சட்டத்தில் விதிவிலக்கு ஏதும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

11. அதனால் பதிவை அழித்துவிட்டு, பொம்மையையும் மறைக்கப் பார்ப்பீர்கள். இதற்கும் வழி இருக்கிறது. அரிசி வாளி வேண்டாம், அம்மா தினமும் கை விடுவார். சாமிப் படத்துக்குப் பின்னால் வேண்டாம், வெள்ளிக்கிழமை துடைப்பார்கள். காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால்? ஆறாம் படியில் வெளுக்க வைத்த தோள் இரண்டும் பற்றைக்குள் இருந்து பளிச்சென்று தெரியும்.

12. கடைசி வழி, முழுவதையும் ஒரே பச்சையால் அடித்து மூடுவது. அதே எனாமல், அதே மூன்று மில்லிமீற்றர்ப் பிறஷ். காய்ந்தபின் சன்னலடியில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். தடிப்பாக அடித்த வரிகள் அல்லவா? பச்சைக்குக் கீழே ஒவ்வொன்றும் மேடாக, எண்ணி எடுக்கலாம் போலத் தெரியும். ரின்னை மூடாதீர்கள், இன்னொரு பூச்சுப் போடுங்கள்.