எஸ்.எஸ்.டி.க்கு ரிப்பன் கட்ட முடியுமா?

அனுப்புநர்: ஆய்வக உதவியாளர், இயந்திரவியல் துறை.
பெறுநர்: கொள்முதல் குழுத் தலைவர் அவர்கள்.
பொருள்: பழைய கணினிகளைச் சொற்பச் செலவில் ஓடவைக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

'சிறப்பு மையம்' என்ற பித்தளைப் பலகையை மாட்டியதிலிருந்து நம் கேட் (CAD) ஆய்வகத்தின் அழகு கூடிக்கொண்டே போகிறது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுழல் நாற்காலி, ஆய்வுக் குழு வரும்போது மட்டும் விரிக்கும் கம்பளம் என்று எதிலும் குறையில்லை. நடுவில் கணினிகளும் இருக்கின்றன என்பதை நினைவூட்டவே இக்கடிதம்.

அவை நான்காம் தலைமுறை ஐ5 ரகம். 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். மாடலிங் மென்பொருளைச் சொடுக்கிவிட்டு மாணவர்கள் கேண்டீனுக்குப் போய்வருகிறார்கள். கேண்டீன் ஒப்பந்ததாரர் இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டாம் என்கிறார்.

சென்ற முறை தாங்கள் நேரில் வந்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தீர்கள். பிராசசர் 25 சதவீதம் என்று காட்டியது. "முக்கால்வாசி சும்மா கிடக்கிறதே, இதற்கு மேல் என்ன வேகம் வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். ஐயா, அதில் இருப்பது நான்கு கோர். ஒன்று மூச்சுமுட்ட வேலை செய்கிறது, மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கின்றன. முப்பரிமாண மாடலில் ஸ்கெட்ச் வரைந்து, அதைக் கனமாக்கி, துளை போட்டு, விளிம்பை வளைக்கும்போது ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பியிருக்கிறது. அதனால் மாடலைத் திரும்பக் கட்டும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கும். பிறகு தாங்கள் கொட்டேஷன் வாங்கிய 16 கோர் வொர்க்ஸ்டேஷன் ரெண்டரிங்குக்கும் சிமுலேஷனுக்கும் உதவும். மாடல் வரைய வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம். ஒரு தாலிக்குப் பதினாறு புரோகிதர்களை உட்காரவைத்தாலும் முகூர்த்தம் முன்கூட்டி வராது.

ரேம் வாங்கித் தந்ததற்கும் நன்றி சொல்ல வேண்டும். வந்தது டிடிஆர்4. நம் மதர்போர்டு கேட்பது டிடிஆர்3. இரண்டிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் அழுத்தினாலும் உள்ளே போகாது. ஆனால் சரக்கு இருப்புப் பதிவேட்டில் 'ரேம் உயர்த்தப்பட்டது' என்று ஏறிவிட்டதால், அவை பீரோவுக்குள்ளிருந்தே கணினிகளை வேகப்படுத்திக்கொண்டிருக்கின்றன.

நான் கேட்பது இவ்வளவுதான். கணினிக்கு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.; எட்டெட்டு ஜிபியாக இரண்டு டிடிஆர்3 ரேம். 4 ஜிபியை விண்டோஸும் ஆன்டிவைரஸும் பங்குபோட்டுக்கொண்ட பிறகு, மாடலுக்கு இடமில்லாமல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் வழிகிறது; தாமதத்தின் பெரும்பகுதி அங்கேதான். அப்புறம் ஒரு குழாய் தெர்மல் பேஸ்ட். பழைய பேஸ்ட் காய்ந்து, விசிறியில் தூசி அடைத்து, சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மொத்தமும் கணினிக்குச் சில ஆயிரத்தில் முடியும். டிடிஆர்3 சென்னை ரிச்சி தெருவில் பழையதாகக் கிடைக்கும். பழைய பொருளுக்கு மூன்று கொட்டேஷன் எங்கிருந்து வாங்குவது என்பதைத் தங்கள் அலுவலகமே சொல்ல வேண்டும்.

பைசா செலவில்லாத வேலையும் உண்டு. பிள்ளைகள் ஸ்குரூ ஜாக் வரையும்போது மரையை நிஜச் சுருளாகவே செதுக்குகிறார்கள், கணினி திணறுகிறது. தோற்றத்துக்கு மட்டும் காட்டும் காஸ்மெடிக் மரை போதும், வரைபடத்துக்கு அதுவே முறை. இதற்கும் குழுவின் ஒப்புதல் வேண்டுமா என்று தெரியப்படுத்தவும்.

பெரிய அசெம்பிளிகளை இந்தக் கணினிகள் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. பிளம்மர் பிளாக், பிளாஞ்ச் கப்ளிங், லேத் டெயில்ஸ்டாக் வரைக்கும் தாங்கும். நம் பாடத்திட்டமும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசசரை என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். இதுவரை வந்த ஆட்சேபணைகளில் நியாயமானது இது ஒன்றுதான். பாதிக் கணினிகளில் லினக்ஸ் ஏற்றினால் ஃப்ரீகேட் இலவசமாக ஓடும். மீதியை இணையத்திலிருந்து துண்டிக்கலாம். மாணவர்கள் வருத்தப்படுவார்கள், ஆனால் வரைவார்கள்.

தங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. எஸ்.எஸ்.டி.யைத் திறந்துவைக்க எந்தப் பிரமுகரும் வரமாட்டார். கோயில் டியூப் லைட்டிலாவது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று எழுதலாம். பெட்டிக்குள் போய்விடும் பொருளில் யார் பெயரை எழுதுவது? புதுக் கணினி என்றால் போட்டோ உண்டு, பொன்னாடை உண்டு, கல்வெட்டு உண்டு. ரிப்பேருக்கு வவுச்சர் மட்டும்தான்.

ஆகவே விழாவாகவே செய்துவிடுவோம். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டில் ரிப்பன் கட்டுகிறேன். எப்படியும் அதைக் கழற்றியாக வேண்டும். தாங்கள் வெட்டியதும் எஸ்.எஸ்.டி.யை இணைத்து, ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அதற்கு நகலெடுக்க ஆரம்பித்துவிடுவேன். அது மெதுவாகத்தான் நடக்கும். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எதையும் சுருக்கச் சொல்லாதீர்கள், நன்றியுரைக்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வக உதவியாளர்