மவுஸ் தொடாத மாப்ளே

இலந்தைக்குளம் ஐடி பார்க்கோ வடபழஞ்சியோ, மதுரையில் எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவர் மவுஸ், கீபோர்டுக்குப் பின்னால் குப்புறக் கிடக்கும். கறுப்புத் திரையில் விம் எடிட்டர். பக்கத்து சீட்டுக்காரர் விஎஸ் கோடைத் திறந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"ஒரு ஃபைலைத் திருத்த ஒரு பிரவுசரையே முதுகுல சுமந்துக்கிட்டு வருது மாப்ளே. நம்மது பாரு, சிமிட்டுறதுக்குள்ள திறந்துருச்சு."

பொய்யில்லை. விஎஸ் கோடுக்கு அடியில் ஓடுவது குரோமியம் என்ற பிரவுசர்தான். விம் சில எம்பி மெமரியில் பிழைத்துக்கொள்ளும். பில் ஜாய் 1976-ல் எழுதிய விஐ, அதன் வழியில் 1991-ல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் என்று குலவரலாறு முழுக்க அவருக்கு மனப்பாடம். கர்சரை நகர்த்த அம்புக்குறி விசையைத் தொட்டால் தீட்டு. ஹெச், ஜே, கே, எல்லில்தான் போகவேண்டும். பில் ஜாயிடம் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புகளை அந்த நாலு எழுத்து விசைகளின் மேல்தான் அச்சிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லை. இவருக்கு அதுவே சாஸ்திரம்.

விம்மைச் சும்மா திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வரும். மூலனார் விம்முக்கு விலை வைக்கவில்லை, பதிலுக்குக் கேட்டது அந்த உதவியைத்தான். நம்மாள் அந்த வரி வராமலிருக்க ஒரு செட்டிங் போட்டு வைத்திருக்கிறார்.

செட்டிங் என்றால் உயிர். விம்ஆர்சி என்ற அந்தக் கோப்பைத் திருத்திய நேரத்தில் இரண்டு புராஜெக்ட் முடித்திருக்கலாம். கல்யாணப் பட்டெடுக்க விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் உட்கார்ந்த குடும்பம்கூட, இவர் எடிட்டர் திரைக்குப் புரட்டிய அளவு நிறம் புரட்டியிருக்காது. தட்டச்சு நிலையிலிருந்து வெளியே வர எஸ்கேப் விசை மூலையில் இருக்கிறதாம், விரல் அவ்வளவு தூரம் போகணுமாம். அதனால் ஜே-யை இரண்டு தரம் தட்டினால் எஸ்கேப் என்று மாற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அரை நொடி மிச்சம். மிச்சம் பிடித்ததை மொத்தமாகக் கோரிப்பாளையம் சிக்னலில் கட்டிவிடுவார்.

ஒரு ராத்திரி, வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிட்டது. அதில் விஐ மட்டும்தான் உண்டு. விஎஸ் கோட் கோஷ்டி கைபிசைய, இவர் விரல்களைச் சொடுக்கிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் இவருடைய விம்ஆர்சி அந்த சர்வரில் இல்லையே! வரிக்கு வரி 'ஜேஜே' விழுந்தது. முணுமுணுத்தபடியே எஸ்கேப்பைத் தேடித் தட்டி, அழித்து, சேமித்தார்.

"அவ்ளோதான். ரீஸ்டார்ட் பண்ணு தம்பி."

பண்ணினான். எழவில்லை. மறுபடி பண்ணினான். ம்ஹூம். நெட்வொர்க் கோளாறு என்றார். பையன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, போர்ட் நம்பருக்குப் பின்னாடி அதென்னண்ணே, ஜேஜே?"