எட்டுப் போடாத துரைமார்

சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகும் நாலு வண்டி சீறிக்கொண்டு போனால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் தவறாமல் சொல்வார்: "வெள்ளைக்காரன் ஊர்ல போய்ப் பாருங்க சார், ரோட்டுல எறும்புகூட லைன்லதான் போகும்." எறும்பு எல்லா ஊரிலும் வரிசையில்தான் போகிறது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வெள்ளைக்காரன் ரோட்டில் ஒழுங்காகப் போகக் கற்றுக்கொண்ட கதை இருக்கிறதே, அதைக் கேட்டால் நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரருக்கு மாலை போட்டு மரியாதை செய்யத் தோன்றும்.

1865இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மோட்டார் கார் என்ற பிராணி அப்போது பிறக்கவில்லை. புகைவிட்டுக்கொண்டு ஊர்ந்த நீராவி வண்டிகளைக் கண்டுதான் அத்தனை பயம். வண்டிக்கு மூன்று ஆள் வேண்டும். அதில் ஒருவர் சிவப்புக் கொடியோடு 60 கெஜம் முன்னால் நடக்கவேண்டும். வேகம் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். சுவாமி புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவர் இதைவிட வேகமாகப் போய்விடுவார்.

மூன்று வருஷம் கழித்து, 1868 டிசம்பரில், பாராளுமன்ற வாசலிலேயே ஒரு சிக்னல் கம்பம் நட்டார்கள். கோச்சு வண்டி நெரிசலில் கனம் அங்கத்தினர்களால் ரோட்டைக் கடக்க முடியவில்லையாம். ஜே.பி. நைட் என்ற ரயில்வே இன்ஜினியர், தண்டவாளத்துப் பக்கம் இருந்த கைகாட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். ராத்திரிக்குச் சிவப்பும் பச்சையுமாக கேஸ் விளக்கு. அதை இயக்க ஒரு போலீஸ்காரர். மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, 1869 ஜனவரி 2ஆம் தேதி கேஸ் வெடித்துப் போலீஸ்காரர் காயப்பட்டார். சிக்னலை மதிக்காத டிரைவரை நாம் தினமும் பார்க்கிறோம். போலீஸ்காரரையே மதிக்காத சிக்னல் அது ஒன்றுதான். அடுத்த ஐம்பது வருஷத்துக்கு லண்டன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கொடி 1878இல் ஏறத்தாழப் போய்விட்டாலும், ஆள் முன்னால் நடக்கிற விதி 1896வரை உயிரோடு இருந்தது. அந்த வருஷம் ஜனவரியில் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊருக்குள் வால்டர் அர்னால்ட் என்பவர் காரில் அசுர வேகத்தில் நுழைந்தார்: மணிக்கு 8 மைல். கான்ஸ்டபிள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவினாரோ இல்லையோ, சைக்கிளில் ஏறி ஐந்து மைல் துரத்திப் பிடித்துவிட்டார். வேகமாகப் போனதற்கு அபராதம் 1 ஷில்லிங். எட்டு மைல் வேகத்தில் போன காரை எட்டிப் பிடித்த சைக்கிள் எந்த வேகத்தில் போயிருக்கும் என்று கோர்ட்டில் கணக்குப் பார்க்கவில்லை. அர்னால்ட் கார் விற்கிறவர். அவருக்கு அந்த ஷில்லிங் மலிவான விளம்பரம்.

நவம்பர் 14ஆம் தேதி புதுச் சட்டம் வந்தது. கார்க்காரர்கள் கூடி, ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்துப் போட்டுவிட்டு லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலம் போனார்கள். பாதி வண்டி வழியிலேயே படுத்துக்கொண்டது. பேட்டரி வண்டி ஒன்று ரயிலில் பிரைட்டன் போய் இறங்கி, மேலே சேற்றை அப்பிக்கொண்டு "ரோட்டிலேயே வந்தேன்" என்று நின்றதாக ஒரு பேச்சு இன்றைக்கும் உண்டு.

1903 சட்டத்தில் லைசென்ஸ் வந்தது. வயது 17, கட்டணம் 5 ஷில்லிங், அவ்வளவுதான். ஓட்டத் தெரியுமா, பிரேக் எது, கண் தெரியுமா, எதையும் யாரும் கேட்கவில்லை. நம்பர் பிளேட்டும் அதே சட்டத்தில்தான். 'ஏ 1' என்ற நம்பருக்காக ரஸ்ஸல் பிரபு, அதாவது தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன், ராத்திரி முழுக்க ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தார் என்பார்கள். ஃபேன்சி நம்பர் பித்து நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிறந்ததில்லை.

வேக வரம்பு இப்போது மணிக்கு 20 மைல். ஸ்டாப் வாட்சோடு போலீஸ் புதருக்குள் பதுங்கியது. பணக்காரக் கார்க்காரர்கள் 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். பிற்காலத்தில் நடுரோட்டில் நின்ற வண்டிக்கு ரிப்பேர் பார்த்துப் பேர் வாங்கிய அமைப்பு அது. ஆரம்பத்தில் அதன் தலையாய திருப்பணி, சைக்கிளில் ஆள் விட்டு, 'முன்னால் போலீஸ் நிற்கிறது' என்று சைகை காட்டுவது. நம்ம ரோட்டில் எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டைச் சிமிட்டி இலவசமாகச் செய்யும் சேவைக்கு அங்கே சந்தா கட்டினார்கள்.

1910இல் இது கோர்ட்டுக்குப் போனது. வேகமாக வருகிறவனை இப்படி எச்சரிப்பது போலீஸ் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பு. சங்கம் யோசித்தது. சங்கத்து வில்லை மாட்டிய கார் வந்தால் ஆள் சல்யூட் அடிப்பது வழக்கம். சரி, புதரில் போலீஸ் இருந்தால் சல்யூட் அடிக்காதே என்றது. உறுப்பினர் வண்டியை நிறுத்தி "ஏனப்பா சல்யூட் அடிக்கவில்லை?" என்று கேட்கவேண்டும்; இதைக் கையேட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். அடித்த சல்யூட்டுக்கு வழக்குப் போடலாம், அடிக்காத சல்யூட்டுக்கு? "எசமான், இந்த ஆள் கையைத் தூக்கவே இல்லை" என்று எந்த இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறிச் சொல்வார்? பிரிட்டிஷ் மூளை எதற்குப் பேர்போனது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

1930இல் அரசு ஒரு ஞானத்துக்கு வந்தது. வேக வரம்பை யாரும் மதிப்பதில்லை; ஆகவே வரம்பை எடுத்துவிடலாம். நிஜமாகவே எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 1 பென்னி விலையில் சாலை விதிப் புத்தகம் ஒன்று போட்டார்கள். குதிரைவண்டிக்காரர் சாட்டையைச் சுழற்றி எப்படிச் சைகை காட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. 1934இல் மட்டும் ரோட்டில் செத்தவர்கள் 7,343 பேர். அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் நடந்து போனவர்கள்.

ஊருக்குள் மறுபடி வேக வரம்பு வேண்டும் என்று அந்த வருஷம் மசோதா வந்தபோது, மூர்-பிரபஸோன் என்ற எம்.பி. எழுந்தார். சாமானிய ஆள் இல்லை. பிரிட்டனின் முதலாம் நம்பர் விமானி லைசென்ஸ் அவருடையது. பன்றியும் பறக்கும் என்று நிரூபிக்க 1909இல் ஒரு பன்றிக்குட்டியைக் கூடையில் உட்காரவைத்து விமானத்தில் கொண்டுபோனவர். சபையில் அவர் வாதம் இது: வருஷத்துக்கு 6,000 பேருக்கு மேல் தற்கொலை செய்துகொள்கிறார்கள், அதற்கு யாரும் கூப்பாடு போடுவதில்லையே? முன்பெல்லாம் கார் வீடு திரும்பினால் ரேடியேட்டர் நிறையக் கோழி இறகு இருக்கும். இப்போது கோழியும் நாயும் விலகிப்போகக் கற்றுக்கொண்டுவிட்டன. எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

கோழிக்குப் புத்தி வந்ததால் இறகு குறைந்ததா, ரோட்டோரக் கோழியே தீர்ந்துபோய்க் குறைந்ததா என்பதை அவர் பிரித்துச் சொல்லவில்லை. 1940இல் இவரையே போக்குவரத்து மந்திரி ஆக்கினார்கள்.

நல்லவேளை, 1934இல் மந்திரியாக இருந்தவர் லெஸ்லி ஹோர்-பெலீஷா. ஜனங்கள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் கறுப்பு வெள்ளைக் கம்பமும் அதன் தலையில் ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் குண்டும் வைத்தார். கம்பத்துக்கு அவர் பேரே நிலைத்தது. பொடியன்கள் கல்லெறிந்து குறி பழக வாகாக இருந்ததால், பிறகு கண்ணாடியை உலோகமாக மாற்ற வேண்டிவந்தது.

1935 ஜூன் 1 முதல் டிரைவிங் டெஸ்ட் கட்டாயம். எல் போர்டும் அந்த வருஷ வரவுதான். டெஸ்டுக்கென்று கட்டடம் கிடையாது; ரயில் நிலைய வாசலிலோ பூங்கா ஓரத்திலோ அதிகாரியைச் சந்தித்து, ஏழரை ஷில்லிங் கட்டணத்துக்கு அரைமணி நேரம் ஓட்டிக் காட்டவேண்டும். எட்டுப் போடச் சொல்லவில்லை. நூற்றுக்கு 63 பேர் பாஸ். புரோக்கர் இல்லாத குறைதான், மீதி 37 பேர் ஃபெயில்.

வந்த டெஸ்டும் நிலைக்கவில்லை. 1939இல் யுத்தம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம், ஜெர்மன்காரன் பாராஷூட்டில் குதித்தால் வழி தெரியக்கூடாது என்று ஊர்ப்பெயர்ப் பலகைகளையும் வழிகாட்டிக் கம்பங்களையும் பிடுங்கினார்கள். ஜெர்மன்காரன் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் மாமியார் வீட்டுக்கு வழி தெரியாமல் சுற்றினார்கள். வழி கேட்டால் உளவாளியோ என்று சந்தேகம். இருட்டடிப்பு ராத்திரிகளில் வண்டி மோதாமலிருக்க மாட்டின் மேல் வெள்ளைப் பட்டை அடித்த விவசாயிகளும் உண்டு. யுத்தம் முடிந்து 1947இல் ஒரு சலுகை: யுத்தகாலத் தற்காலிக லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு டெஸ்ட் இல்லாமலே முழு லைசென்ஸ். 1956இல் சூயஸ் கால்வாய்த் தகராறு, பெட்ரோல் தட்டுப்பாடு. டெஸ்ட் அதிகாரிகளை ரேஷன் வேலைக்கு அனுப்பிவிட்டு, எல் போர்டுக்காரர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமலே ஓட்டலாம் என்று அனுமதித்தது அரசு.

பலகைகளின் லட்சணமும் லேசுப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதற்குக் கொழுந்துவிட்டெரியும் தீப்பந்தம் போட்டிருந்தார்கள்; கல்வியின் ஒளியாம். வெளியூர்க்காரன் தீயணைப்பு நிலையம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் ஜாக் கின்னெயர், மார்கரெட் கால்வெர்ட் என்ற இருவர் புதுப் பலகைகளை வரைந்தார்கள். 1965இல் அவை ரோட்டுக்கு வந்தன. நம்ம ரோட்டோர முக்கோணங்களிலும் அந்தச் சாயல் தெரியும். எழுத்து தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்க்க, பென்சன் விமானத்தளத்தில் விமானப்படை ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, பலகையைக் காரின் தலையில் கட்டி அவர்களை நோக்கி ஓட்டினார்கள். போட்டிக்கு வந்த இன்னொருவரின் எழுத்துதான் ஒரு துளி அதிகமாகத் தெரிந்தது. ஆனாலும் கின்னெயரின் எழுத்துதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அதையே எடுத்துக்கொண்டார்கள். ரோட்டில் வேலை நடக்கிறது என்பதற்கு மண் அள்ளும் ஆளை வரைந்தார் கால்வெர்ட். அந்த ஆள் மடங்காத குடையோடு மல்லுக்கட்டுகிறான் என்று ஊரே சிரித்தது.

அதே 1965 முடிவில் பார்பரா காஸில் போக்குவரத்து மந்திரியானார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. 1967இல் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களை ஊதச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஓட்டத் தெரியாத பெண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று ஓட்டத் தெரிந்த ஆண்பிள்ளைகள் குதித்தார்கள். முதல் வருஷத்திலேயே ரோட்டுச் சாவு ஆயிரத்துக்கு மேல் குறைந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1935இல் வந்த அந்த டெஸ்ட், 1934 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து ஓட்ட ஆரம்பித்தவர்களுக்கு மட்டும்தான். அதற்கு முந்தியே 5 ஷில்லிங் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள், அதாவது 7,343 பேர் செத்த வருஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர்களில் பெரும்பாலோர், டெஸ்ட் எதற்கும் போக வேண்டியதில்லை. அந்த வருஷம் மார்ச்சில் 17 வயதில் லைசென்ஸ் வாங்கியவர் 1980களிலும் சட்டப்படி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு தடவைகூட ஓட்டிக் காட்டாமல்.