மருந்து கலக்கும் கை

மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் சமையல்கார அக்காவே மாத்திரையும் கொடுக்கிறார். டப்பாவில் இருப்பதை எடுத்துக் கொடுக்க நர்ஸ் எதற்கு?
*– வாசகர், சிவகாசி*

பட்டாசு ஆலையில், டப்பாவில் இருக்கும் மருந்தை எடுத்துக் கலக்க அதே அக்காவை அனுப்புவீர்களா? அங்கே போர்மேன் கண் பார்க்காமல் கலவை கிடையாது. வலிப்பு மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. ஃபெனிட்டாயின் கொஞ்சம் கூடினாலே ஆள் தள்ளாடுவார். திடீரென நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வெட்டலாம். மெதுவாகக் கரையவேண்டிய வால்ப்ரோயேட் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், மணிக்கணக்கில் இறங்கவேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இது நேர்ந்தால் யார் கண்டுபிடிப்பது?

அக்காவின் அன்பில் குறையில்லை. பயிற்சியும், பெயர், வேளை, அளவு எழுதிய அட்டையும், சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு நர்ஸும் தராத நிர்வாகத்திடம்தான் குறை.

இல்லம் நடத்துவதே சேவை. அதில் போய்ச் சட்டம் பேசலாமா?
*– வாசகர், விருதுநகர்*

சேவை என்றால் கணக்குக் கேட்கக் கூடாதா? 2001 ஆகஸ்ட் 6-ல் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். காலில் இருந்த சங்கிலி ஓடவிடவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பதிவு இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மாத்திரை யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.