காதும் மூக்கும் மெக்கானிக்காக இருந்த காலம்

பிளக்கைக் கழற்றி, ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தே வண்டியின் உடம்புக்கு என்னவென்று சொல்லிவிடும் மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார். எங்களுக்குப் புதுப்பேட்டையில் ஒருவர் இருந்தார். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி, கரி அப்பியிருந்தால் மிக்சர் ரிச், வெளுத்திருந்தால் லீன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சைலன்சர் பக்கம் குனிந்து புகையை மோந்து பார்ப்பார். பிறகு எங்கள் பத்மினி காரின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் இருக்கும் ஸ்க்ரூவைத் துளித் துளியாகத் திருப்பி, "தம்பி, இப்ப கேளு" என்பார். நான் பானெட் மேல் சாய்ந்துகொண்டு கேட்பேன். குலுங்கிக்கொண்டிருந்த ஐடிலிங் மெல்லச் சீராகி அடங்கும். அந்தச் சத்தத்தைப் போல மனதுக்கு நிறைவான ஒன்று அப்போது எனக்கு வேறு இல்லை.

அவர் மோந்த புகையில் ஈயம் இருந்தது. 2000-த்தில்தான் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. ஈயம் பட்டால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் கெட்டுப்போகும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த மூக்கு செய்த வேலையை எக்சாஸ்டில் திருகி வைத்த, விரல் நீளம்கூட இல்லாத சென்சார் ஒன்று எடுத்துக்கொண்டது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, ரிச் என்றால் 0.9 வோல்ட்டுக்கு அருகிலும், லீன் என்றால் 0.1-க்கு அருகிலும் என்ஜினின் கணினியான ஈசியுவுக்குச் சேதி அனுப்பும். நன்றாகச் சூடேறினால்தான் அது வாயே திறக்கும்.

என் பழைய எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800-இல் செக் என்ஜின் விளக்கு எரிந்தது, மைலேஜ் சரிந்தது, பி.யு.சி. புகைச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் கார்பன் மோனாக்சைடு அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டயக்னாசிஸ் முனையைச் சின்ன ஒயரால் எர்த்தோடு இணைத்தால் அந்த விளக்கே மினுக்கிப் பேசும்: ஒரு மினுக்கு, சற்று இடைவெளி, பிறகு மூன்று. கோட் பதின்மூன்று, ஆக்சிஜன் சென்சார் சர்க்யூட்.

சர்க்யூட் என்றுதான் அது சொல்கிறது, சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. ஒயர் உருகியிருந்தாலும், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் புகார் ஏறக்குறைய இதேதான். ஆகவே மறுநாள் காலை, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் ஓரம் காது வைத்தேன். 'புஸ் புஸ்' என்று எங்கும் கேட்கவில்லை. ஒயரும் நன்றாகவே இருந்தது. சூடேறியதும் மல்டிமீட்டரை மாட்டினேன். ஓயாமல் மேலும் கீழும் ஆட வேண்டிய எண் 0.1-லேயே கிடந்தது, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தியும் எழவில்லை. எரிபொருள் குறைவு என்ற அந்தப் பொய்ச்சேதியை நம்பித்தான் ஈசியு பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது.

என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது துரு இளக்கும் எண்ணெய் விட்டு, 22 ஸ்பேனர் போட்டு, மரையைக் கெடுக்காமல் மெதுவாகத்தான் அசைக்க வேண்டும். வெளியே வந்த சென்சாரின் மூக்கை என்னையறியாமல் வெயிலுக்கு நேரே பிடித்தேன். முழுக்கக் கரி. அந்த மெக்கானிக் சொல்லித்தந்த பாடம் ஒரு எழுத்தும் மாறவில்லை. கரி என்றால் ரிச். வெள்ளைப் பூச்சாக இருந்தால் கூலன்ட்டோ சிலிகானோ உள்ளே போகிறது, அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் செத்துவிடும். இன்று கோட் படித்த கையோடு பாகத்தை மாற்றிவிட்டு, கழற்றியதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதுசு மாட்டியபின் எண் துள்ளத் தொடங்கியது, பி.யு.சி.யும் கிடைத்தது. திருப்புவதற்கு ஸ்க்ரூ இல்லை என்ற ஏக்கம் இருக்கிறது. ஆனால் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஸ்கூல் ஆட்டோவில் இருக்கும் குழந்தைகள் ஈயப் புகையைச் சுவாசிப்பதில்லை. அதற்காக இன்னும் பத்து ஸ்க்ரூக்களை விட்டுக்கொடுக்கலாம்.