சிவகாமிக்குக் கல்யாணம் ஆகியிருந்தா எங்க ஊருக்குக் கோயில் ஏது?

ஏம்பா தம்பிங்களா, பாப்பாங்களா, ‘சிவகாமியின் சபதம்’ இது எத்தனையாவது சுத்து? நீங்க சொல்ல வேணாம், புத்தகமே சொல்லுது. மடியில வச்சா தானா மூணாம் பாகத்துல பொளந்துக்குது. ஓரத்துல பச்ச மையில ‘இங்க கவனி’, செவப்பு மையில ‘நாகநந்தி பொய் சொல்றான்’. பத்தாங்கிளாஸ் கணக்குப் புத்தகத்துல இப்பிடிக் கோடு போட்டிருந்தீங்கன்னா, உங்க அப்பா அம்மா திருவண்ணாமலைக்கு நடந்தே போயி தேங்கா ஒடச்சிருப்பாங்க.

கோச்சுக்காதீங்க. படிச்சதயே படிக்கிறது பைத்தியக்காரத்தனம்னு நான் சொல்லமாட்டன். செஞ்சிச் சீமையில பொறந்துட்டு அப்பிடிச் சொன்னா நாக்கு அழுகிடும். தேசிங்கு ராஜன் கதைய எங்காளுங்க எத்தன தலமொறையா கேட்டுக்கிட்டிருக்காங்க! 1714-ல ஆற்காட்டு நவாப்பு படையோட மோதி செத்தான்னு தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பாட்டுக்காரன் குரலெடுத்து, பாராசாரிக் குதிரையில ராஜா ஏறுறான்னு சொன்ன ஒடனே, கெழவிங்க ‘போவாதடா ராஜா’ன்னு மூக்கச் சிந்துவாங்க. இவங்க சொல்லி அவன் எறங்கிடப் போற மாதிரி! செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோக்காரங்க 2025-லதான் மராட்டியக் கோட்டைங்களோட சேத்து உலகப் பாரம்பரியப் பட்டம் கட்டினாங்க. தேசிங்குக்குப் பட்டம் கட்டினது இந்தக் கெழவிங்கதான்.

நீங்களும் அந்த வம்சந்தானே? பல்லவ இளவரசன் மாமல்லன் மாறுவேஷத்துல வாதாபிக்குப் போயி, அங்க செறையில கெடக்குற சிவகாமியக் கூப்புடுற எடம் வந்தா, ‘இந்தத் தடவயாவது கெளம்பிப் போயிடும்மா’ன்னு கெஞ்சுறீங்க. அச்சடிச்ச எழுத்தும்மா, அழுதா மாறுமா?

உங்களுக்கு முந்தியே இந்த வியாதி இருந்துச்சு. 1944-லேர்ந்து கல்கி தன்னோட ‘கல்கி’ பத்திரிகையில வாராவாரம் எழுதுன கதை இது. ஒருத்தர் படிக்க, திண்ணை நெறய கேப்பாங்க. அப்பறம் பக்கங்களப் பிரிச்சி, நூல் போட்டுத் தச்சி, அட்ட கட்டிப் பரண்ல வச்சிக்குவாங்க. இந்தப் பக்கம் சிவகாமி அழுவா, திருப்புனா தலைவலி மருந்து விளம்பரம். 1950 அக்டோபர்ல தொடங்கின ‘பொன்னியின் செல்வன்’ 1954-ல முடிஞ்சப்போ, ‘அப்பறம் அவ என்னானா, இவன் என்னானான்’னு வாசகருங்க கேட்டுத் தொளச்சதுல, கல்கி தனியா முடிவுரை எழுதி பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த வருஷம் டிசம்பர்லயே அவரு கண்ண மூடிட்டாரு. இருந்திருந்தா விட்டிருப்பீங்களா? இன்னமும் பதில்தான் எழுதிக்கிட்டிருப்பாரு.

சரி, வந்தது வந்துட்டீங்க, ஒரு புத்தி சொல்றன். மொத தடவ படிக்கிறவன் கதையப் படிக்கலாம். மறுக்கா படிக்கிறவன் கல்கியப் படிக்கணும். சிவகாமியோட அப்பா, சிற்பி ஆயனருக்கு அஜந்தா வர்ணத்தோட ரகசியம் தெரிஞ்சிக்கணும்னு தீராத ஆச. அந்த ஆசைய வச்சே நாகநந்தி பிக்ஷு பரஞ்சோதிங்குற பையன் கையில ஓலையக் குடுத்து அனுப்புறான். ஓலையில வர்ணமும் கெடையாது, வார்னிஷும் கெடையாது, வாதாபி ராசா புலிகேசிக்குச் சேதி. வழியில வஜ்ரபாகுன்னு ஒரு ஆளு தொணைக்கு வந்து சேர்றான். மொத தடவ நமக்கு அவன் யாரோ ஒரு போர்வீரன். மறுக்கா படிக்கையில அவன் தொண்டையக் கனைச்சாலே சிரிப்பு வரணும், மாமல்லனோட அப்பா மகேந்திர பல்லவரே வேஷங்கட்டி நிக்குறாருன்னு தெரியுமே! எந்த வரியில மூடுனாரு, எந்த வரியில வாலக் காட்டுனாருன்னு தேடுங்க. பேனாவுக்கு அதுதான் வேல. அத உட்டுட்டு, ‘மாமல்லனுக்கு மனசே இல்ல’ன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்சா, அது ஆராய்ச்சியா? சம்பந்தி வீட்டுச் சண்ட.

இப்ப அந்தச் சண்டைக்கே வர்றன். சிவகாமியக் கட்டிக்காம பாண்டியராசா பொண்ணு வானமாதேவியக் கட்டிக்கிட்டான்னுதானே மாமல்லன் மேல உங்களுக்குக் கொல வெறி? எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. காரணம் சுயநலம். எண்ணிக்குங்க: மாமல்லன் மகன் ரெண்டாம் மகேந்திரன். அவன் மகன் பரமேசுவரவர்மன். அவன் மகன் ராஜசிம்மன். அந்த ராஜசிம்மன் கட்டுனதுதான் இதோ நம்ம தலைக்கு மேல, பனமலைக் குன்று உச்சியில நிக்குற தாளகிரீசுவரர் கோயிலு. காஞ்சி கைலாசநாதரையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் எழுப்புன அதே கை. நீங்க நெனச்ச மாதிரி கல்கி அந்தப் பொண்ணுக்குத் தாலி கட்ட வச்சிருந்தா, வம்சமே வேற பக்கம் திரும்பியிருக்கும். ராஜசிம்மன் ஏது, எங்க ஊருக்குக் கோயில் ஏது? காதலு தோத்ததுல பனமலைக்கு லாபம். இதுக்கு மறுப்பு இருந்தா எழுதிக் குடுங்க, ஆற அமரப் படிக்கிறன்.

‘பெரியவரே, சிவகாமியே கற்பனைதானே’ன்னு ஒரு பாப்பா முணுமுணுக்குது. சபாஷ், அதுதான் ரெண்டாவது புத்தி. எது கல்கி குடுத்தது, எது கல்லு குடுத்ததுன்னு பிரிச்சி வையுங்க. சிவகாமி, ஆயனர், நாகநந்தி கல்கி பெத்த புள்ளைங்க. மாமல்லன் வாதாபியப் புடிச்சது நெசம். 642 வாக்குல நடந்தது, வாதாபிப் பாறையிலயே அவன் பேரு வெட்டிக் கெடக்குது. பரஞ்சோதி நெசம், அவருதான் சிறுத்தொண்டர். ‘பொன்னியின் செல்வ’னும் இப்பிடித்தான். நந்தினிக்கும் பூங்குழலிக்கும் கல்லுல பேரு இல்ல. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்க சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு உடையார்குடிக் கல்வெட்டுல இருக்குது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2-ஆம் வருஷத்துக் கல்வெட்டு. அதுல பேச்சே அவங்க சொத்தப் பறிமுதல் பண்ணுனதப் பத்தித்தான். கல்கி அந்த நெலக் கணக்குலேர்ந்து நடுராத்திரி சதிக் கூட்டத்தையே கட்டி எழுப்பிட்டாரு. இந்த வித்தைய ரசிக்கணும்னா கல்வெட்டு கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்கணும்.

மூணாவது புத்தி, காலுக்கு. ‘பொன்னியின் செல்வ’னப் படிச்சிட்டு ‘வந்தியத்தேவன் போன வழி’ன்னு வேன் புடிச்சி வீராணத்துலேர்ந்து கோடியக்கர வரைக்கும் போறீங்க. போங்க. மகேந்திரனத் தேடி இந்தப் பக்கம் எத்தன பேரு வர்றீங்க? செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவால மண்டகப்பட்டு. செங்கல்லு, மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம இந்தக் கோயிலப் பண்ணினன்னு விசித்திரசித்தன்னு பட்டம் வச்சிக்கிட்ட மகேந்திரன் அங்க எழுதி வச்சிருக்கான். கதையில வேஷம் போட்டு ஊர ஏமாத்துன அதே மகேந்திரன், இங்க வேஷம் எதுவும் இல்லாம, பெருமையோட நேரா நின்னு பேசுறான்.

அதுக்கப்பறம் ஏரிக்கர வழியா எங்க குன்றுக்கு ஏறுங்க. வடக்குப் பக்கச் சின்னச் சந்நிதியில, கல்லு மேல பூசுன சுண்ணாம்புல பார்வதி நிக்குறா. பல்லவர் காலத்து வர்ணம், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆவுது. தலையில கிரீடம், மேல குடை. ஒரு கால மடிச்சி, தலைய லேசா சாய்ச்சி, சிவன் ஆடுறதப் பாத்துக்கிட்டு இருக்கா. ஆயனரு பாவம், வர்ண ரகசியத்துக்காக அஜந்தா அஜந்தான்னு உருகுனாரு. அவரு இளவரசனோட கொள்ளுப்பேரன் தீட்ட வச்சது, உங்க பைக்குக் கூப்புடு தூரத்துல இருக்குது. நீங்களோ வாசப்படியில நின்னு புத்தகத்தோட முதுகு தெரியுற மாதிரி போட்டோ புடிச்சிக்கிட்டு, பரோட்டாக் கடை எங்கன்னு கேக்குறீங்க.

படிங்க, எத்தன சுத்து வேணாலும் படிங்க. அழுங்க, அடிச்சிக்குங்க, யாரு வேணாம்னாங்க? மேல ஏறுறப்போ ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க. சுவத்தத் தொடாதீங்க, வெரல் வச்சித் தேச்சிப் பாக்காதீங்க, ‘மாமல்லன் – சிவகாமி’ன்னு ஆணியால கீறி உங்க பேரையும் பக்கத்துல சேக்காதீங்க. ஆடுன சிவன ஏற்கெனவே முக்கால்வாசி தொலச்சிட்டோம். பாத்துக்கிட்டிருக்கிறவளயாவது விட்டு வையுங்க.