ஒரு வரிச் சூத்திரத்துக்கு ஓர் உரை

காம்பிஸ் --ரீப்ளேஸ் &

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், லினக்ஸ் கணினியில் சாளரங்களுக்கு நிழலும் நடுக்கமும் வருவிக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

பண்டை எக்ஸ் சாளர முறையில் எல்லாரும் ஒரே சுவரில் படம் வரைந்தார்கள். ஒரு சாளரம் இன்னொன்றின் மேல் வந்தால் கீழே இருந்தது அழிந்தது. மேலது விலகியதும் உரியவரைக் கூப்பிட்டு மறுபடி வரையச் சொன்னார்கள். பின்னால் வந்த காம்போசிட் நீட்சி, ஒவ்வொரு சாளரத்துக்கும் நினைவகத்தில் தனி ஏடு தந்தது. அவ்வேடுகளை அடுக்கி, ஓரத்தில் நிழல் பூசித் திரையில் காட்டும் நிரலே காம்போசிட்டர். நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் எழுதி 2006இல் வெளியான காம்பிஸ், பிடித்து இழுத்தால் நுங்கு போலக் குலுங்கும் சாளரங்களால் பேர் பெற்றது. குலுங்குவதால் பயன் யாதெனின், யாதுமில்லை.

இனிப் பதவுரை. காம்பிஸ் காம்போசிட்டர் மட்டுமன்று, தலைப்பட்டையையும் நகர்வையும் கவனிக்கும் சாளர மேலாளரும் ஆகும். ஆதலின் 'ரீப்ளேஸ்' என்றது, ஏற்கெனவே அமர்ந்திருக்கும் மேலாளரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார் என்றவாறு. முன்னால் இரண்டு கோடு எற்றுக்கு? ஓரெழுத்துக்கு ஒரு கோடு, முழுச்சொல்லுக்கு இரண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்றாற்போல. எக்ஸின் பழைய நிரல்கள் முழுச்சொல்லுக்கும் ஒற்றைக் கோடே இடும். அதனை ஆன்றோர் வழக்கென்று விட்டுவிடுக.

நிற்க. சூத்திரத்தின் உயிர் கடைசிக் குறியில் இருக்கிறது. '&' என்பது 'உம்'. உம்மைக்கு நன்னூலார் கூறிய எட்டுப் பொருள்களுள் இது எச்சம் என்பது என் துணிபு. காம்பிஸ் ஓடட்டும், டெர்மினலும் கைக்கு வரட்டும் என்று சொல்லாத ஒன்றைத் தழுவி நிற்கிறதல்லவா? குறியை விட்டால் காம்பிஸ் வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த கட்டளைக்கு வழி இராது.

குறி இட்டவர் பிழைத்தாரோ எனின், அதுவும் இல்லை. டெர்மினலின் பெருக்கல் குறியைச் சொடுக்கி மூடினால், பாஷ் ஷெல் சாகும்போது தன் பிள்ளைகளுக்கெல்லாம் 'ஹப்' என்னும் ஓலையை அனுப்பும். காம்பிஸும் கூடவே போய்ச் சேரும். 'எக்ஸிட்' என்று தட்டி விடைபெற்றாலோ, இயல்பான அமைப்பில் அந்த ஓலை போவதில்லை. வெளியே கிளம்பினால் சொல்லிக்கொண்டு போ என்ற பாட்டிமார் இதைத்தான் கருதினர் போலும்.

அடியேன் ஒருமுறை சொல்லாமல் மூடினேன். தலைப்பட்டைகள் மறைந்தன, ஒரு சாளரமும் நகர மறுத்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், 'டிஸ்ப்ளே' மாறியில் ':0' என்று முகவரி எழுதிச் சூத்திரத்தை மீண்டும் ஓதியபின்தான் பட்டைகள் திரும்பின.

பரிகாரம் 'டிஸ்ஓன்'. அதைத் தட்டினால் ஷெல் தன் பிள்ளையைத் தலைமுழுகிவிடும். பிறகு தாய் போனாலும் பிள்ளைக்குத் தீட்டு இல்லை.

காம்போசிட்டர் மட்டுமேயான பிகாம் என்னும் நிரலின் மதத்தார்க்கு இவ்வளவு பாடில்லை. ஒற்றைக் கோடும் ஆங்கில 'பி'யும் சேர்த்தால் அது தானே பின்னணிக்குப் போய்விடும். செத்தாலும் நிழல்தான் போகும், பட்டை போகாது. எக்ஸை விட்டு வேலண்ட் முறைக்குப் போனவரோ காம்போசிட்டரையே அரசனாக்கிவிட்டனர். அங்கே நாற்காலியைப் பிடுங்கும் பேச்சே எடுபடாது.

எஞ்சியது ஓர் ஐயம்: குறிக்கு முன் இடைவெளி வேண்டுமா? ஷெல்லுக்கு இரண்டும் ஒன்றே. ஒட்டி எழுதினால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும், எனக்குத் தப்பியிருக்கிறது. விட்டே எழுதுக.